பாலாற்றங்கரை இல்லங்களில் தூய்மை

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய தீபாவளி நன்னாள் நெருங்கும்போது ஒட்டடை அடித்தல், பரண் இறக்குதல், பித்தளையும் வெண்கலமும் துலக்குதல், பூசையறை கழுவுதல் என்று ஒவ்வொரு சமண இல்லத்திலும் ஒரு வாரப் பணி தொடங்கிவிடும். இவ்வுரையின் பொருள் அந்தப் பணியே. அறவுரை மேடையில் விளக்குமாற்றுக்கும் புளிக்கும் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். ஆனால் இல்லறத்தார் ஒழுக்கத்தைச் சமண மரபு கோயிலில் தொடங்கவில்லை. தண்ணீரைத் துணியால் வடிகட்டிப் புழங்குவதில் தொடங்கிற்று. வடிகட்டியபின் துணியில் தங்கிய நுண்ணுயிர்களை அந்நீர் எடுக்கப்பட்ட கிணற்றிலேயே மெல்ல இறக்கிவிட வேண்டும் என்றும் விதித்தது. எடுத்த நீரைப் பற்றிய கவலையோடு, மீந்தது எங்கே போய்ச் சேர்கிறது என்ற கவலையும் அந்த விதியில் சேர்ந்தே இருக்கிறது. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஐந்தாவதாகிய உத்சர்க்க சமிதி, கழிவை உயிர்களற்ற இடம் பார்த்து நீக்குதலைக் கூறுகிறது. இல்லறத்தார்க்கு அத்துணைக் கடுமை இல்லை. எனினும் அழுக்குநீர் போகும் வழியை அறியாமல் வீட்டைத் தூய்மை செய்தல் பாதி வேலையே.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வாழ்வோர்க்கு இது வெறும் தத்துவமன்று. பாலாறு இங்கே ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. நீர் மணலுக்கு அடியில் ஓடுகிறது. மேலே கொட்டியதெல்லாம் அந்த அடிநீரைச் சென்றடையும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை என்று ஆற்றின் இரு மருங்கும் எழுந்த டேனரிகள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன, போடுகின்றன. அவற்றின் கழிவு என்ன செய்தது என்பதும் ஊரறிந்த செய்தி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்ற கணக்கும் அதில் உண்டு. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அழுத்தமாக நிலைநாட்டப்பட்டது இந்த ஊர்த் தண்ணீரின் பொருட்டே. 2025 சனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே ஆற்றைக் குறித்து, இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் மறுபடி ஆணையிட நேர்ந்தது. இடையில் ஒரு தலைமுறை வளர்ந்து குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டது.

அந்தத் தலைமுறையின் வீடுகளில் குழாய்முனை வெளுத்திருக்கிறது. சோப்பு நுரைப்பதில்லை. எவர்சில்வர்ப் பாத்திரம் காய்ந்தால் வெண்புள்ளி தெரிகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் குடிப்பதற்கு உதவுகிறது. துவைக்கவும் துடைக்கவும் ஆழ்துளைக் கிணற்று நீரே. மதுரைக்கோ மயிலாடுதுறைக்கோ எழுதப்பட்ட வீட்டுக் குறிப்புகள் இங்கே அப்படியே பலிக்காததற்குக் காரணம் இதுதான். முதலில் நீரை அறிய வேண்டும்.

அறிவது எளிது. தெளிந்த ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு குழாய்நீர் ஊற்றி, சோப்புக் கட்டியைச் சீவிக் கரைத்த நீரில் சில துளி விட்டு நன்றாகக் குலுக்குக. நுரை எழுந்து நின்றால் மென்னீர். நுரை எழாமல் தயிர்போலத் திரிந்தால் கடினநீர். அதாவது கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீர். சோப்பு அவற்றோடு சேர்ந்து ஆடையாகப் படிகிறது. அழுக்கை எடுக்க மிஞ்சுவது கொஞ்சமே. இரண்டாவது சோதனை: அதே நீரில் சில துளிகளைக் கரிய தட்டின்மேல் விட்டு உலரவிடுக. வெள்ளைத் தடம் வெறும் நீரால் துடைத்தால் போய்விடுமாயின் அது பெரும்பாலும் கறியுப்பு இனம். எலுமிச்சைச் சாறு பட்டால்தான் கரையுமாயின் அது சுண்ணாம்பு இனம். இப்பகுதி வீடுகள் பலவற்றில் இரண்டும் கலந்தே இருக்கும். கடைகளில் கிடைக்கும் கையடக்கக் கருவி கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டுமே காட்டும். எந்த உப்பு என்று பிரித்துச் சொல்லாது.

அம்மொத்த அளவுக்கு இந்தியத் தர அமைவனம் குடிநீருக்கு வகுத்த ஏற்கத்தக்க எல்லை லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது அதன் விதி. 2,000 அளவுள்ள நீர் பத்து லிட்டர் வாளி ஒன்றில் 20 கிராம் உப்பு இருக்கும். நான்கு தேக்கரண்டி உப்பைக் கையால் அள்ளி வாளியில் போட்டுவிட்டுத் தரையைத் துடைக்க எந்த இல்லத்தரசி சம்மதிப்பார்? தரை துடைத்தபின் பளபளப்பு மங்குவதற்கு மருந்து இன்னும் சற்று வாசனைத் திரவம் ஊற்றுவது அன்று. துணியை இறுகப் பிழிந்து துடைத்து, ஈரம் உலருமுன் உலர்துணியால் மறுமுறை ஒற்றியெடுப்பதே. நீர் தானாக உலர்ந்தால் உப்பைத் தரையிலேயே விட்டுவிடும். துணியில் ஏறினால் துணியோடு போகும்.

இங்கே ஒரு விந்தையைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. வீட்டைத் தூய்மை செய்யப் பாட்டிமார் கையாண்ட பொருள்களும் தோலைப் பதனிடக் கையாளப்பட்ட பொருள்களும் பெரும்பாலும் ஒன்றே. உப்பு: அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும், உரித்த தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பு அதன்மேல் தூவப்படும். சுண்ணாம்பு: சுவரை வெளுக்கும், பூஞ்சையைத் தடுக்கும், தோலிலிருந்து மயிரைக் கழற்றும். கடுக்காய்: வீட்டில் மருந்து, பழைய கட்டடங்களின் சுண்ணச் சாந்தில் கலவை, டேனரியில் துவர்ச் சாறு. ஆவாரை: பூ குளியல் பொடிக்கு, பட்டை தோல் பதனிட. சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் குரோமிய முறையைப் புகுத்தும்வரை ஆவாரம்பட்டையே இத்தொழிலின் உயிர்நாடி. இப்படியிருக்க, ‘இயற்கைப் பொருள், ஆகவே தீங்கற்றது’ என்று இக்காலத்தில் மலிந்து கிடக்கும் பேச்சைப் பாலாற்றங்கரையார் நம்ப வேண்டியதில்லை. இங்கே கிணறுகளைக் கரிக்கச் செய்தவற்றுள் முதன்மையானது குழம்பில் போடும் அதே உப்புத்தான். குரோமியத்தைக் கழிவுநீரிலிருந்து படியவைத்துப் பிரிக்க வழியுண்டு. கரைந்த உப்பைப் பிரிப்பதோ பெருஞ்செலவு. சாதாரணச் சுத்திகரிப்பு அதைத் தொடுவதே இல்லை. அளவும், போய்ச் சேரும் இடமுமே ஒரு பொருளை நன்றாகவோ தீதாகவோ ஆக்குகின்றன.

இக்கண்கொண்டு பார்த்தால் வீட்டுப் பழக்கங்கள் சில வேறாகத் தெரியும்.

முதலாவது, ஆசிட். இப்பகுதியில் குளியலறை ஓடுகளின் உப்புக்கறையைப் போக்க ஐதரோகுளோரிக் அமிலம் வாங்கி ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. அது கறையைக் கரைக்கிறது, உண்மை. கரைந்த சுண்ணாம்பு கால்சியம் குளோரைடு என்னும் மற்றோர் உப்பாகி அதே நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. ஓடுகளுக்கிடையிலுள்ள சிமெண்டும் சுண்ணாம்பு இனமே ஆதலால் அதுவும் அரிக்கப்பட்டு, அடுத்த முறை கறை இன்னும் ஆழமாகப் பற்றுகிறது. மலத்தொட்டியில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களும் மடிகின்றன. இத்தனைக்கும் மேலாக, அந்தப் புகையை மூச்சில் வாங்குபவரும், வெறுங்கையால் தேய்த்துக் கைத்தோல் வெடிப்பவரும் பெரும்பாலான வீடுகளில் வீட்டார் அல்லர். மாதச் சம்பளத்துக்கு வரும் பணிப்பெண். சமந்தபத்திர ஆசாரியர் இல்லறத்தார்க்கு வகுத்த குணவிரதங்களுள் அநர்த்த தண்ட விரதம் ஒன்று. தேவையின்றிச் செய்யும் தீங்குகளை அது விலக்குகிறது. அவற்றுள் ‘ஹிம்சாதானம்’, அதாவது ஊறு செய்யும் கருவியையும் நஞ்சையும் பிறர் கையில் கொடுத்தல், ஒன்று. நீரையும் நெருப்பையும் பயனின்றி வீணாக்குதல் மற்றொன்று. பணிப்பெண்ணின் கையில் ஆசிட் புட்டியைக் கொடுக்கும்போது முதலாவதும், குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் துலக்கும்போது இரண்டாவதும் நிகழ்கின்றன.

ஆசிட்டுக்கு மாற்று என்ன? பொறுமையும் புளிப்பும். எலுமிச்சை, வினிகர், புளிக்கரைசல் ஆகிய மூன்றும் மெல்லிய அமிலங்கள். சுண்ணாம்புப் படிவை மெதுவாகக் கரைக்கும். குழாய்முனையில் புளிக்கரைசலில் நனைத்த பழந்துணியைச் சுற்றி அரைமணி நேரம் விட்டுப் பின் தேங்காய்நாரால் தேய்த்தால் போதும். சாறு பிழிந்த எலுமிச்சைத் தோலே ஒரு குழாய்க்குப் போதுமானது. பல்லாண்டுப் படிவு ஒரே நாளில் போகாது. வாரம் ஒருமுறை செய்தால் மூன்றாம் நான்காம் வாரத்தில் உலோகம் தெரியும். சல்பேட் இனப் படிவு புளிப்புக்கும் அசையாது. அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பளிங்குத் தரையிலும் கடப்பைக் கல்லிலும் புளிப்புப் படலாகாது. அவையும் சுண்ணாம்புக் கற்களே.

ஆப்பசோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் எல்லா அழுக்கும் போகும் என்று கைப்பேசியில் சுற்றி வரும் குறிப்பைப் பலர் அறிவர். காரமும் அமிலமும் கூடினால் ஒன்றையொன்று தீர்த்துவிடும். பொங்கும் நுரை வாயுவேயன்றி வேறில்லை. எஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். தனித்தனியே பயன்படுத்தினால் இரண்டும் வேலை செய்யும். சேர்த்தால் வேடிக்கை மட்டுமே.

அந்தக் கலவை பயனற்றது. மற்றொரு கலவை உயிர்க்கொல்லி. பிளீச்சிங் பவுடரோ, குளோரின் கலந்த வெண்மைத் திரவமோ போட்ட இடத்தில் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கும். வினிகரும் எலுமிச்சையும்கூட அதனோடு சேரலாகாது. தீபாவளி வாரத்தில் அவசரமாகக் கழுவும்போது ‘இரண்டையும் ஊற்றினால் சீக்கிரம் போகும்’ என்ற எண்ணம் எளிதில் எழும். வீட்டில் இவ்விரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தலே கூடாது. இப்பகுதியில் 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து பத்துத் தொழிலாளர் உயிரிழந்ததை மக்கள் மறக்கவில்லை. கழிவை ஓரிடத்தில் தேக்கிவிட்டு, அதனருகில் மனிதரை உறங்கவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று. வீட்டு அளவில் அத்தகைய தேக்கம் குளியலறை மூலையில் பெயர்ச்சீட்டு உரிந்து நிற்கும் புட்டிகள். அவற்றை அடையாளம் கண்டு அகற்றுவதே விழாக்காலத் தூய்மையின் முதல் வேலையாக இருக்கலாம்.

இனித் துணி துவைத்தல். கடினநீரில் நுரை வரவில்லையென்று மேலும் மேலும் தூள் கொட்டுவது இயல்பு. சலவைத் தூளில் அழுக்கு நீக்கும் பொருளோடு, அளவை நிரப்பச் சேர்க்கப்படும் சோடியம் சல்பேட்டும் உண்டு. அதுவும் உப்புத்தான், சாக்கடை வழியே போய் எவர் கிணற்றிலோ சேரும். ஊரையெல்லாம் டேனரி கெடுத்தது என்று பேசும் வீடும் தன் பங்குக்கு ஆண்டு முழுதும் சிறிது சிறிதாக உப்பு வார்த்துக்கொண்டே இருக்கிறது. சிக்கனமான வழி ஒன்றுண்டு. பருத்தித் துணி துவைக்கும் பத்து லிட்டர் வாளி நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவை முதலில் கரைத்துக் கால்மணி நேரம் வைக்க வேண்டும். சுண்ணாம்பு மாவாகப் படியும். தெளிந்த மேல்நீரை இறுத்துக்கொண்டால் சோப்பு முன்னிருந்த அளவில் பாதிக்கும் குறைவாகவே செலவாகும். சலவை சோடாவும் ஒரு காரமே ஆதலால் பட்டுக்கும் அலுமினியப் பாத்திரத்துக்கும் ஆகாது. கையில் நெடுநேரம் படவும் கூடாது. அது சுண்ணாம்புக் கடினத்தையே போக்கும், கரிப்பைப் போக்காது. நீர் மென்மையாக உள்ள வீட்டில் அதற்கு வேலையே இல்லை.

பூந்திக்கொட்டைக்கும் சீயக்காய்க்கும் இவ்விடத்தில் தனிச் சிறப்பு உண்டு. சோப்புக் கொழுப்பிலிருந்து பிறந்தது. ஆகவே சுண்ணாம்பைக் கண்டால் திரியும். பூந்திக்கொட்டையின் நுரை சப்போனின் என்னும் வேறு இனப் பொருளால் வருவது. கடினநீரில் அது திரிவதில்லை. உப்புநீர் ஊரில் பாட்டிமார் அதை விடாமல் வைத்திருந்தது வெறும் பழமைப் பற்றன்று. ஏழெட்டுக் கொட்டைகளைக் கொட்டையுடைத்து விதை நீக்கி இரவு முழுதும் ஊறவைத்துப் பிசைந்து வடித்தால் ஒரு பட்டுச் சேலைக்கும், ஒருநாள் வெள்ளிப் பாத்திரங்களுக்கும் போதும். கண்ணில் பட்டால் எரியும் என்பதைக் குழந்தையுள்ள வீட்டார் நினைவில் வைக்க வேண்டும்.

கொல்லாமை நெறியினர்க்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சோப்பு எந்தக் கொழுப்பிலிருந்து செய்யப்பட்டது என்ற கேள்வியே இங்கு எழுவதில்லை. மாட்டுக் கொழுப்பு உலகெங்கும் நெடுங்காலமாகச் சோப்புக்கு மூலப்பொருள். உறையின்மேல் ‘சோடியம் டாலோவேட்’ என்றிருந்தால் அது விலங்குக் கொழுப்பு. ‘சோடியம் பாமேட்’ என்றிருந்தால் பனையெண்ணெய் இனம். ஊனும் தேனும் விலக்கிய அடுக்களையின் பாத்திரம் எதனால் துலக்கப்படுகிறது என்று உறையைத் திருப்பிப் பார்க்க ஒரு நொடியே ஆகும்.

இதே நோக்கில் இப்போது பரவி வரும் ‘பயோ என்சைம்’ என்னும் நொதிநீரையும் எண்ணிப் பார்க்கலாம். வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை ஆரஞ்சுத் தோல் மூன்று பங்கு, நீர் பத்துப் பங்கு சேர்த்து மூன்று மாதம் மூடிவைத்துச் செய்கின்றனர். தரைக்கு நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் நொதித்தல் என்பது எண்ணற்ற நுண்ணுயிர் பெருகி மடியும் செயல். விரதம் காப்போர் அதற்குத் தயங்குவதில் பொருளுண்டு. அவர்களுக்கு அதே தோலை நீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு அன்றன்றே பயன்படுத்தும் கஷாயம் போதும். வாசனையும் புளிப்பும் அதில் இறங்கிவிடும்.

பாத்திரம் துலக்குதலில் சாம்பலின் இடம் எல்லாரும் அறிந்தது. விறகுச் சாம்பலிலுள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அங்கேயே ஒருவகைச் சோப்பாகிறது, துகள் தேய்க்கிறது. விறகடுப்பு மறைந்தபின் சாம்பல் கிடைப்பது அரிது. அரிசி கழுவிய நீர், கடலைமாவு, தவிடு இவற்றால் பிசுக்கை ஒற்றியெடுத்துவிட்டுப் பின் துலக்கினால் திரவச் சோப்பு சிறிதே போதும். விளக்குகளுக்கு இதுவே நல்ல முறை: முதலில் பழந்துணியால் எண்ணெயைத் துடைத்து, அடுத்துத் தவிட்டால் தேய்த்து, கடைசியாகப் புளி. புளி ஊறிக் கிடக்க விடலாகாது, பித்தளையைத் தின்னும்.

எறும்பு, கரப்பான் வகையில் சமண இல்லங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியது குறைவு. கொதிநீரைத் தொட்டித் துளையில் ஊற்றாமல் ஆறவிடுதலும், சர்க்கரைக் குடுவையை நீர் நிரப்பிய தட்டில் வைத்தலும், அரிசிப் பெட்டியில் வேப்பிலையும் வசம்பும் இடுதலும் வழிவழி வந்தவை. இவற்றின் பொருள் கொல்வதன்று, வரவிடாமை. சிந்திய உணவை இரவுக்குமுன் துடைத்துவிடும் வீட்டில் கரப்பானுக்கு வேலையில்லை. பகலிலேயே உண்டு முடிக்கும் ஒழுக்கம் இதற்கும் துணை. பூச்சிமருந்துச் சுண்ணக்கட்டி மட்டும் ஐயமின்றி விலக்கத்தக்கது. பார்வைக்குப் பள்ளிச் சுண்ணக்கட்டியைப் போலவே இருப்பதால் குழந்தைகள் அதை எடுத்து எழுதவும் வாயில் வைக்கவும் கூடும்.

டேனரியிலோ தோல் இரசாயனக் கடையிலோ பணிபுரிவோர் உள்ள வீடுகளுக்கு ஒரு சொல். பணியுடையை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறவைத்தல் வேண்டா. அதை உதறினால் தூசு வீட்டுக்குள் பறக்கும். உதறாமல் தனி வாளியில் நனைத்துத் தனியே துவைக்க வேண்டும். குழந்தையைத் தூக்குமுன் கைகால் கழுவி உடை மாற்றுதல் நலம். குடும்பத்தைத் தாங்குபவரின் உடையைத் தீட்டாகக் கருதும் செயலன்று இது. அவ்வுடையில் ஏறியிருக்கும் இரசாயனத்திடமிருந்து அவரையும் பிள்ளைகளையும் காப்பது.

நீர் வடிகட்டும் ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நன்னீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவுநீரைத் தள்ளுகிறது. அதைக் கழிப்பறைக்கும் வாசல் கழுவவும் வாளியில் பிடித்துவைக்கலாம். துளசிக்கும் முருங்கைக்கும் ஊற்ற வேண்டா. கருவி பிரித்த உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது.

இறுதியாகப் பூசையறை. இல்லங்களில் வழிவழியாக வரும் செப்புத் திருமேனிகளைப் புளியாலும் சாம்பலாலும் துலக்கிப் பொன்போல் ஒளிரச் செய்வது பக்தியின் அடையாளமாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு துலக்கலிலும் முகத்தின் மென்வரைகள் ஒரு மயிரிழை தேய்கின்றன. ஐந்து தலைமுறை துலக்கிய திருமேனியில் கண்ணும் இதழும் வழுவழுப்பாகிப் போனதைக் காணலாம். இப்பகுதியில் அதனினும் பெரிய இடர் நீராட்டு நீரில் உள்ளது. குளோரைடு மிகுந்த கிணற்றுநீரால் திருமஞ்சனம் செய்து ஈரத்தோடு விட்டால், செம்பு கலந்த உலோகத்தில் வெளிர்பச்சைப் பொடி கிளம்பும். அது மேற்பூச்சு அன்று. உலோகத்தை உள்ளிருந்து அரிக்கும் நோய். ஒருமுறை தொற்றினால் ஈரம் கிடைக்கும்போதெல்லாம் தொடரும். அப்பொடி கண்ட திருமேனியை வீட்டிலேயே தேய்க்காமல், அருங்காட்சியகங்களில் உலோகப் பாதுகாப்பு அறிந்தோரிடம் காட்டுதல் நல்லது. ஆம்பூர் அருகே மலையாம்பட்டு ஆர்மாமலைக் குகையில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் சமண ஓவியங்கள், சிதைந்தும் இன்றுவரை எஞ்சியிருக்கின்றன. எவரும் அவற்றைத் துலக்க முனையாததும் அதற்கு ஒரு காரணமாகலாம்.

திருமேனிக்கு உகந்தது மழைநீர். மகாவீரர் நிர்வாண நாள் ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழையின் நடுவே வருகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். குழாயும் தொட்டியும் ஏற்கெனவே வீட்டில் உள்ளன. முதல் மழையில் மாடியின் தூசும் பறவை எச்சமும் கழுவி ஓடட்டும். அடுத்த மழையில் பத்து நிமிடம் விட்டு, சுத்தமான எவர்சில்வர் அண்டாவில் பிடித்து, இரட்டையாக மடித்த பருத்தித் துணியால் வடிகட்டி மூடிவைக்க வேண்டும். துணியில் தங்கியதை மழைநீர் நிற்கும் மண்ணிலேயே இறக்கிவிடலாம். அந்நீரில் சோப்பு ஒரு துளியிலேயே நுரைக்கும். துடைத்த தரையில் தடம் இராது. திருமஞ்சனத்துக்கு ஒரு செம்பு எடுத்துக்கொண்டு, மென்துணியால் ஈரம் முழுதும் ஒற்றியெடுத்து, திருமேனியை நிழலில் உலரவைக்க வேண்டும். மீந்த நீர் பட்டுத் துணிகளுக்கும் விளக்குகளுக்கும் ஆகும்.